முதுகின் அளவு

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், மூன்றாம் லயத்து வரிசைவீடுகளின் கடைசிக் காம்பராவில் குடியிருந்த செல்லசாமி, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், தம் மனைவி பேச்சியம்மாவை இஸ்தோப்புத் திண்ணையிலே கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியின் மேல் அமர்த்தி, அவருடைய முதுகை அளந்துகொண்டிருந்தார். அளப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது அளவுநாடா அன்று. பங்களாக் கூரையிலிருந்து எப்போதோ கழற்றி எறியப்பட்ட ஈயப்பட்டி. இரண்டு விரல் அகலமுள்ள அப்பட்டியைப் பிடரியிலே வைத்து, இடுப்பு வரையில் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால், முதுகு எங்கெங்கே வளைந்திருக்கிறதோ அங்கங்கே ஈயமும் வளையும். எடுத்த பின்னரும் அவ்வடிவத்திலேயே நிற்கும்.

"கூனாத புள்ள. நேரா இரு."

"நேராத்தான் இருக்கேன். இதுக்கு மேல நேரா இருக்கணும்னா இன்னொரு தடவ பொறந்துதான் வரணும்."

"மூச்ச இழுத்துப் புடிக்காத. சாதாரணமா விடு."

"ஈயம் ஐஸ் மாதிரி இருக்குங்க. முதுகுல வச்சா மூச்சு எங்கிட்டு வரும்?"

பக்கத்துக் காம்பராவில் வசித்த ஓய்வுபெற்ற கங்காணி பொன்னையா, கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு பிளேன்டிக் கோப்பையுடன் வெளியே வந்து, இக்காட்சியைச் சிறிது நேரம் நோக்கினார். தோட்டத்தில் எவர் இறந்தாலும் சவப்பெட்டி செய்பவர் செல்லசாமியே ஆதலால், பொன்னையாவின் கேள்வி இவ்வாறு அமைந்தது:

"என்னா செல்லசாமி, உசுரோட இருக்கையிலேயே பொஞ்சாதிக்கு அளவெடுக்கிற? அம்புட்டு அவசரமா?"

"ஒங்களுக்கு அடிச்சு முடிச்சிட்டுத்தான் மாமா எனக்கு அடிப்பாரு," என்றார் பேச்சியம்மா, திரும்பாமலே. "வரிசையில நீங்கதான முன்னுக்கு நிக்கிறீங்க."

பொன்னையா பொக்கை வாயால் சிரித்துவிட்டு உள்ளே போனார். மூடுபனி லயத்துக் கூரைத் தகரங்களின் மேல் இறங்கி, பீலியில் துளித்துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவெடுப்பின் காரணத்தை இங்கே விளக்குதல் அவசியமாகும். ஊசிமலையில் ஒரு குடும்பம் காம்பராவில் குடியிருக்க வேண்டுமாயின், அக்குடும்பத்தில் ஒருவருடைய பெயரேனும் தோட்டத்து அல்லது பங்களாவின் வேலைப் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். செல்லசாமி தோட்டத்துத் தச்சராகப் பதிவிலே இருந்தவர்தாம். ஆறு வருடங்களுக்கு முன்னர் நிர்வாகம் அப்பதவியையே நீக்கிவிட்டது. அதன் பிறகு அவர் கதவு, பலகை, சவப்பெட்டி என்று கூலி பேசிச் செய்யும் கொந்தரப்பு வேலைகளையே செய்துவந்தார். மகள் லோஜினி தலவாக்கலையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தாள். ஆகவே அக்காம்பராவைத் தாங்கிக்கொண்டிருந்தது கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாவின் இருநூற்றுப் பதினான்காம் வேலை இலக்கம் ஒன்றே.

அந்த இலக்கத்துக்கு உரியவரோ, மாசி மாதத்தில் ஒரு நாள், கொழுந்து நிறைந்த கூடையுடன் சரிவிலே அமர்ந்தவர் எழ முடியாமல் போனார். நான்கு பெண்கள் பிடித்துத் தூக்கினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், இனிமேல் சுமை தூக்கக் கூடாது என்று கூறினார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவோ, சுமக்காமல் கொழுந்தெடுக்கும் வேலை தோட்டத்தில் இல்லை என்றும், முடியாதவர்கள் பேரை வெட்டிக்கொண்டு போகலாம் என்றும் கூறினார். இரண்டு கூற்றும் உண்மையே. அவ்விரண்டுக்கும் நடுவே பேச்சியம்மா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள்தோறும் மலைக்குப் போனார்.

இந்நிலையிலேதான் பங்களாவிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய துரையின் பழைய பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டு விருந்தினர் தங்கும் ஹோட்டலாக மாற்றியிருந்தது. அதன் முகாமையாளர் பிரதாப், முன்விறாந்தைக்குப் பதினெட்டு நாற்காலிகள் தேவை என்றும், மாதிரிக்கு ஒன்றைச் செய்து காட்டும்படியும் கூறினார். மாதிரி பிடித்துவிட்டால் செல்லசாமியைப் பங்களாவின் நிரந்தரத் தச்சராகப் பதிவிலே சேர்த்துக்கொள்வதாகவும் வாக்களித்தார். பதிவிலே செல்லசாமியின் பெயர் ஏறினால், பேச்சியம்மாவின் பெயரை வெட்டிவிடலாம். காம்பராவும் இருக்கும், முதுகும் இருக்கும்.

முதல் மாதிரியை அவர் வைகாசியிலேயே செய்து கொடுத்துவிட்டார். பங்களாவின் பழைய சாய்வு நாற்காலி ஒன்றை முன்னே வைத்து, நிழலுக்காக நட்டு வளர்த்த சவுக்கு மரத்திலே, ஓர் ஆணியும் அடிக்காமல், நாக்கும் துளையுமாகக் கோத்துச் செய்தது அது. அதைப் பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஷெனாலி என்னும் வடிவமைப்பாளர் வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்மணி. மரத்தைத் தொடும்போது மோதிரங்களைக் கழற்றிவிட்டுத் தொட்டார். அதனாலேயே செல்லசாமிக்கு அவர் மேல் மரியாதை உண்டாயிற்று.

ஷெனாலி நாற்காலியில் அமர்ந்தார், எழுந்தார், மீண்டும் அமர்ந்தார்.

"பாஸுன்னெஹே," என்று தச்சரைச் சிங்களத்தில் மரியாதையாக விளித்து அவர் கூறியதன் பொருள் இது: வேலை சுத்தமாக இருக்கிறது; கண்ணுக்கும் அழகாக இருக்கிறது. ஆனால் இது என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்கிறது. விலை கூடிய மரமும் பொலிஷும் மட்டும் ஆடம்பரம் ஆகாது. உட்கார்ந்தவர் தம் உடம்பை மறந்துவிட வேண்டும், அதுதான் ஆடம்பரம். இதை நீங்கள் யாருடைய முதுகுக்காகச் செய்தீர்கள்? நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்களா?

செல்லசாமிக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். இருந்தும் அவர் தமிழிலேதான் பதில் கூறினார். "பங்களாச் சாமான்ல நாங்க ஒக்கார்றதில்ல மிஸ்."

அது உண்மை. பங்களாவின் நாற்காலிக்குக் கால் ஒட்டுபவரும், துடைப்பவரும், சுமந்து செல்பவரும் அதிலே அமர்வதில்லை என்பது அத்தோட்டத்தில் எவரும் எழுதி வைக்காத வழக்கம். ஒட்டிய காலின் உறுதியைச் சோதிக்க வேண்டுமானால், இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்ப்பார்கள். தம் கையாலேயே செய்த நாற்காலியாயினும், பங்களாவுக்கு என்று கேட்டுவிட்ட கணத்திலிருந்து அது பங்களாவினுடையது. செல்லசாமியும் அதைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டே கொண்டுபோயிருந்தார். முப்பத்தைந்து வருடத் தச்சுத் தொழிலில், சாய்ந்து உட்காரும் நாற்காலி ஒன்றிலே தாம் ஒருமுறையேனும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை என்பதை அன்றுதான் அவர் எண்ணிப் பார்த்தார்.

ஷெனாலி சிரிக்கவில்லை. அடுத்த பௌர்ணமிப் போயாவுக்குள் இன்னொன்று செய்யும்படி மட்டும் கூறிச் சென்றார்.

லயத்துக்குத் திரும்பும் வழி நெடுகச் செல்லசாமி யோசித்தார். உடம்பை மறக்கச் செய்யும் நாற்காலிக்கு, உடம்பை ஒருபோதும் மறக்க முடியாத முதுகு ஒன்று அளவாக வேண்டும். அவ்வாறான முதுகு அவருடைய காம்பராவிலேயே இருந்தது.

ஈயப்பட்டியின் வளைவைப் பலகையிலே வரைந்து அறுத்தபோது, அது விசித்திரமாக இருந்தது. கூடைக் கயிற்றைத் தலையிலே மாட்டி, இருபத்தொன்பது வருடங்கள் முன்னோக்கிக் குனிந்தே நின்றதால் பிடரிக்குக் கீழே ஒரு மேடு. கூடை உராய்ந்த நடுமுதுகிலே ஒரு தட்டை. அதற்குக் கீழே, கையை நுழைக்கலாம் போல ஒரு பள்ளம்.

"இது என் முதுகா?" என்று பேச்சியம்மா அப்பலகையை வாங்கிப் பார்த்தார். "பொகவந்தலாவ ரோட்டு மாதிரியில்ல இருக்கு."

"பஸ் போகும் போல இருக்கும்மா," என்றாள் லோஜினி.

"போகும். ஏறத்துல நின்னுபோகும்."

கைப்பிடிகளுக்குத் தேயிலை மரத்தையே எடுத்துக்கொள்வதென்று செல்லசாமி தீர்மானித்தார். நாலாம் நம்பர் மலையிலே, புதிய கன்றுகள் நடுவதற்காகப் பழைய தேயிலையைத் தூரோடு பிடுங்கிப் போட்டிருந்தார்கள். மழைக்குப் படங்குச் சீலையை இடுப்பிலே சுற்றிக்கொண்டு பேச்சியம்மாவும் உடன் போனார். கறுத்து, முறுக்கேறி, சேறு அப்பிக் கிடந்த தூர்களை அவர் ஒவ்வொன்றாகக் காலால் புரட்டினார்.

"இத எடுக்காதீங்க, உள்ளுக்குக் கறையான். இத எடுங்க. வாய்க்காலுக்கு மேல நின்னது. எத்தன கவ்வாத்து வெட்டினாலும் மொதல்ல துளிர்க்கும், சனியன். மட்டம் பாக்க மட்டக் கம்ப வச்சா இது மட்டும் ஒசந்து நிக்கும்."

"அம்புட்டு அடையாளம் தெரியுமா ஒனக்கு?"

"ஒங்களவிட இதோடதாங்க கூட நாள் நின்னிருக்கேன்."

தேயிலை மரம் இரும்பைப் போன்றது. நேராக அறுபட மறுக்கும். உளியைத் திருப்பி அடிக்கும். கைமுட்டியும் மணிக்கட்டும் ஓய்வு கொள்ளும் இடங்களை மட்டும் செல்லசாமி இழைத்து, மற்ற முறுக்குகளை அவ்வாறே விட்டார். பின்சாய்வுக்கு ஒன்பது சவுக்குச் சட்டங்களைச் செதுக்கினார். ஒவ்வொன்றுக்கும் முதுகின் அவ்விடத்து வளைவு வேறு. ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்தால் பொருந்தாது.

உருவம் கூடியதும் பழைய தடை மீண்டும் எழுந்தது. அமர்ந்து பாராமல் திருத்த முடியாது. பங்களாச் சாமானில் அமரவும் மனம் வராது. செல்லசாமி இதற்கு ஒரு வழி கண்டார். ஊசிமலையிலே கூடையானாலும் சாக்கானாலும் உரியவரின் இலக்கம் குறிக்கப்பட்டிருந்தால் அது அவருடைய சொத்து. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலே வேறு எவரும் அதைத் தொடார். ஆகவே அவர் ஓர் ஆணியை அடுப்பிலே பழுக்கக் காய்ச்சி, இருக்கையின் அடிப்புறத்தில் 214 என்று சுட்டார்.

"இப்ப இது ஒன்னோடது. ஒக்காரு."

"பங்களாவுக்குப் போறப்ப?"

"அது அப்ப. இப்ப ஒக்காரு புள்ள."

பேச்சியம்மா நுனியிலே அமர்ந்தார். பின்னே தள்ளி உட்காரும்படி அவர் கூற, பேச்சியம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. கால்கள் தரையை விட்டு எழும்போது விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி, கைப்பிடிகளை இறுகப் பிடித்தார். செல்லசாமி ஒரு சட்டத்தைக் கழற்றி இழைத்தார், மீண்டும் மாட்டினார். "இங்க குத்துது." கழற்றினார். "இப்ப குத்தல, ஆனா ஏதோ தள்ளுது." கழற்றினார். ஐந்து நாட்கள், மலையிலிருந்து பேச்சியம்மா வந்து கைகால் கழுவியதும் இவ்வேலை நடந்தது.

ஆறாம் நாள் மாலை மழை வலுத்தது. அடுப்பிலே ரொட்டியைப் போட்டுவிட்டு வந்து பேச்சியம்மா சாய்ந்தார். செல்லசாமி கேட்டார்: "இப்ப எப்புடி?"

பதில் வரவில்லை.

"ஏய் பேச்சி, எங்க குத்துது?"

பேச்சியம்மா உறங்கிவிட்டார். வாய் சற்றே திறந்திருந்தது. தேயிலைக் கறை படிந்த விரல்கள், தேயிலை மரக் கைப்பிடியின் மேல் விரிந்து கிடந்தன. உள்ளேயிருந்து ரொட்டி கருகும் வாடை வந்தது.

"ஐயோ, அம்மா! ரொட்டி!" என்று லோஜினி அடுப்புக்கு ஓடினாள்.

"சத்தம் போடாத," என்றார் செல்லசாமி. இழைப்புளியை அவர் ஓசையின்றிக் கீழே வைத்தார். "முடிஞ்சிருச்சு."

அன்றிரவு மூவரும் கருகிய ரொட்டியைக் கட்டச் சம்பலுடன் தின்றார்கள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையே வேறு இடம் இல்லாததால், உள்ளே எடுத்து வைத்த நாற்காலியைச் சுற்றியே அமர்ந்து தின்றார்கள்.

போயாவுக்கு முந்தின நாள், படங்கிலே சுற்றிய நாற்காலியைத் தலையிலே சுமந்துகொண்டு, செல்லசாமி நான்கு மைல்கட்டை தூரம் நடந்து பங்களாவை அடைந்தார். ஷெனாலி அதிலே அமர்ந்தார். விறாந்தையின் முன்னே பனி விலகித் தேயிலை மலைகள் தெரிந்து, மீண்டும் மறைந்தன. அவர் எழவில்லை. பிரதாப் ஏதோ கேட்டதற்கும் கையசைத்துவிட்டார். நெடுநேரத்துக்குப் பின்னர், கண்ணைத் திறவாமலே, இந்த வளைவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார்.

வேறு எவரேனும் ஆயின், புத்தகத்தில் பார்த்தேன் என்றோ, கைப்பழக்கம் என்றோ கூறியிருப்பர். தம் வேலையில் பெருமை கொண்ட மனிதர் ஒரு கேள்விக்காகக் காத்திருப்பார். அக்கேள்வி வந்ததும் உள்ளதை எல்லாம் கொட்டிவிடுவார். செல்லசாமி ஈயப்பட்டியைப் பற்றிச் சொன்னார். ஷெனாலி எழுந்ததும் நாற்காலியைக் கவிழ்த்துச் சுட்ட இலக்கத்தைக் காட்டினார். ரொட்டி கருகியதையும் சொன்னார்.

"என் பொஞ்சாதி முதுகு மிஸ். இருவத்தொம்போது வருசம் கொழுந்து சொமந்த முதுகு."

ஷெனாலியின் கண்கள் கலங்கின. அவர் தம் தொலைபேசியை எடுத்துச் செல்லசாமியின் கைகளைப் படம் பிடித்தார். பிரதாப் படம் பிடிக்கவில்லை. அவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பிரதாப் அழைத்தார். மேசையின் மேல் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது.

"பாஸ், நல்ல செய்தி. மிஸ்ஸுக்கும் கம்பெனிக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. பதினெட்டும் இதே டிசைன்தான்."

"சந்தோசம் சேர். மரம் அறுத்துக் காயவைக்கணும். ரெண்டு மாசம்..."

"அதுதான் சொல்ல வந்தேன். கையால செஞ்சா பதினெட்டும் ஒரே மாதிரி வராது. நீங்க ஒண்ணு செய்யிறதுக்கே ஒரு மாசம் ஆச்சு. மொறட்டுவைப் பட்டறையில மெஷின் இருக்கு. பலகையில வரைஞ்ச அளவு இருக்குமே, அத மட்டும் தாங்க. அதுக்கும் இந்த மாதிரிக்கும் சேர்த்துக் கம்பெனி காசு தரும்."

செல்லசாமி நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தப் பதிவு?"

"பதிவு இருக்கு பாஸ். சொன்னா சொன்னதுதான். ஒரு எடம் இருக்கு. ஆனா தச்சு வேலைக்கு இல்ல, உங்க வைஃபுக்கு."

பிரதாப் விளக்கினார். அவர் கொடியவர் அல்லர். உதவி செய்வதாகவே எண்ணிப் பேசினார். மாலை மூன்று மணிமுதல் ஆறு மணிவரை விருந்தினர் தேநீர் அருந்துவார்கள். அவ்வேளையில் பேச்சியம்மா, கொழுந்தெடுக்கும் கோலத்தில், கூடையுடன் நாற்காலியின் அருகே நிற்க வேண்டும். சேலை ஹோட்டல் கொடுக்கும். விருந்தினர் கேட்டால் படம் எடுத்துக்கொள்வார்கள். சுமை இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை. பதிவிலே பெயர் ஏறும், காம்பரா நிற்கும்.

"நிக்கணுமா சேர்?"

"மூணு மணித்தியாலந்தானே பாஸ்? மலையில எட்டு மணித்தியாலம் நிக்கிறாங்க."

அன்று மாலை இஸ்தோப்பிலே பிரதாப் கொடுத்தனுப்பிய அச்சிட்ட அட்டையை லோஜினி வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னாள்.

"'இருபத்தொன்பது வருடங்களாகத் தேயிலை சுமந்த ஒரு பெண்ணின் முதுகு இந்த நாற்காலிக்கு வடிவம் கொடுத்தது. சாய்ந்துகொள்ளுங்கள். மறந்துவிடுங்கள்.' கீழ அந்த மிஸ்ஸோட பேரு."

"அப்பா பேரு?" என்றார் பேச்சியம்மா.

"இல்ல."

"என் பேரு?"

"'ஒரு பெண்'ணுன்னு போட்டிருக்கும்மா."

"பரவால்லயே. அம்பத்தொரு வயசுல என்னைய யாரு அப்புடிச் சொல்லப் போறா?"

"சிரிக்காதம்மா. பொம்ம மாதிரி நிக்க வைக்கப் போறாங்க."

செல்லசாமி சுவரிலே மாட்டியிருந்த ஈயப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னமும் பேச்சியம்மாவின் முதுகாகவே தொங்கிக்கொண்டிருந்தது. "நீ போகாத. வேணாம். காம்பரா போனாப் போகட்டும்."

"போனா எங்க இருக்கிறது? ஒங்க நாக்காலியிலயா?"

செல்லசாமி பட்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோவப்படாதீங்க. நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கி மலைக்குப் போயி விழுந்தேன்னா பேரும் போகும், காம்பராவும் போகும், இவளுக்கு ஒரு எடத்துல பேசி முடிக்கிறப்ப வீடு எங்கன்னு கேப்பாங்க. அங்க வெறுங்கூடதான? நிக்கத் தெரியாதா எனக்கு? வேற என்னா தெரியும் எனக்கு?"

"நான்தான் வாயத் தொறந்தேன்," என்றார் செல்லசாமி. "முதுகப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாட்டி மட்டும் பதினெட்டும் ஒங்களுக்குக் குடுத்திருப்பாங்களா? மெஷினு நேத்தா மொளச்சிச்சு?" பேச்சியம்மா எழுந்தார், எழும்போது ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். "ரொட்டி ஆறுது. வாங்க."

ஆடி மாதத்திலே பேச்சியம்மாவின் பெயர் மலையிலே வெட்டப்பட்டு, பங்களாவிலே எழுதப்பட்டது. வளைவு வரைந்த பலகையும் மொறட்டுவைக்குப் போயிற்று.

ஆவணியில், மொறட்டுவையிலிருந்து வந்த நாற்காலிகளில் ஒன்றுக்குக் கைப்பிடி ஆடுகிறது என்று செல்லசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் பின்வழியாக விறாந்தைக்குப் போனார். பதினெட்டு நாற்காலிகளும் இரண்டு வரிசையாக, ஒன்றைப் போலவே மற்றொன்றாக மினுங்கின. முழந்தாளிட்டுப் பின்சாய்வைத் தடவியவருக்கு உடனே விளங்கிற்று. பிடரியின் மேட்டை மழித்திருந்தார்கள், பள்ளத்தை நிரப்பியிருந்தார்கள். ஒன்பது சட்டங்களும் ஒரே வளைவு. அமர்ந்தவர் இடம் கொள்ளாமல் இப்படியும் அப்படியும் அசைந்து அசைந்தே கைப்பிடி ஆட்டம் கண்டிருந்தது.

"சேர், அளவு மாறியிருக்கு," என்றார் அவர்.

"தெரியும் பாஸ். உங்க அளவுல செஞ்சா போட்டோவுல கூனல் மாதிரி விழுது. இதுதான் பாக்க நல்லாயிருக்கு. கதை ஒண்ணுதானே?"

அவர் செய்த நாற்காலி விறாந்தையின் மூலையிலே, நான்கு பித்தளைத் தூண்களுக்கு இடையே சிவப்புக் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அமர வேண்டாம் என்று மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை அதன் மடியிலே இருந்தது. அதன் அருகே, பளிச்சென்ற மஞ்சள் சேலையில், கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டிக்கொண்டு, பேச்சியம்மா நின்றார்.

வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அட்டையை வாசித்துவிட்டு அவரிடம் வந்தார். வயதானவர், இரக்க முகம் உடையவர். தம் நாற்காலியைச் சுட்டிக்காட்டி, நீங்கள் உட்காருங்கள் என்று கைகளால் சைகை செய்தார். பேச்சியம்மா பிரதாப்பைப் பார்த்தார். பிரதாப் புன்னகை மாறாமல் தலையை ஒருமுறை இடமும் வலமும் அசைத்தார்.

"பழக்கமில்லீங்க நோனா," என்றார் பேச்சியம்மா.

பிரதாப் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அப்பெண்மணி நெஞ்சிலே கை வைத்துத் தலை குனிந்து வணங்கினார். பிறகு படம் எடுத்துக்கொண்டார். செல்லசாமி கைப்பிடிக்குப் பசையிட்டு, இறுக்கிக் கட்டி, வந்த வழியே திரும்பினார். கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவ்வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மா எழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. லோஜினி தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"ஏங்க, அந்தக் கூட நிக்க மாட்டேங்குது."

"எந்தக் கூட?"

"வெறுங்கூட. மேலாப்புல ஒரு தட்டு வச்சு ரெண்டு கைப்புடி கொழுந்து பரத்தியிருக்காங்க, அவ்வளவுதான். காத்துக்கு அலையுது. கயிறு தலையில வழுக்குது. அது விழுந்துருமோன்னு நான் இன்னும் குனிஞ்சு குனிஞ்சு இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மலையில இப்புடி வலிக்கல. அங்க பாரம் கூடைய முதுகோட ஒட்ட வச்சுக்கும்."

"டொக்டர் சொமக்கக் கூடாதுன்னாரும்மா," என்றாள் லோஜினி.

"டொக்டரு வந்து நிப்பாரா?" பேச்சியம்மா கணவரின் பக்கம் திரும்பினார். "கல்லு போட்டா சத்தம் கேக்குது, அந்தப் பிரதாப் சேரு கூடாதுங்குறாரு. மரத்துல ஏதாச்சும் செஞ்சு குடுங்க. அடியில வெளிய தெரியாம ஒக்கார்ற மாதிரி."

பங்களாவிலிருந்து பேச்சியம்மா கொண்டுவந்திருந்த அக்கூடையைச் செல்லசாமி கையிலே தூக்கிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து ஈயப்பட்டியை எடுத்தார். கூடையின் அடிவளைவை அளப்பதற்கு வேறு பட்டி அவரிடம் இருக்கவில்லை. முழந்தாளின் மேல் வைத்து, பிடரியிலிருந்து இடுப்புவரை, இரண்டு பெருவிரல்களாலும் அதை அமுக்கி நேராக்கினார். மேடும் தட்டையும் பள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

வாய்க்காலுக்கு மேலே நின்ற அச்செடியின் தூரிலே, கைப்பிடிக்கு அறுத்தது போக ஒரு பெருந்துண்டு எஞ்சியிருந்தது. அதை அவர் இரண்டாகப் பிளந்து, பெரிய பாதியை எடுத்துக்கொண்டார். கூடையின் உட்புறத்துக்கு ஏற்ப உருட்டிச் செதுக்கினார்; பிரம்பை அறுக்காதபடி விளிம்புகளை வழித்தார்; முதுகை நோக்கியிருக்கும் பக்கத்தை, ஒருபோதும் எவர் கண்ணிலும் படாத அப்பக்கத்தை, நாற்காலிக்குத் தேய்த்ததைவிட நுணுக்கமாகத் தேய்த்தார். பிறகு ஆணியை அடுப்பிலே காய்ச்சி 214 என்று சுட்டார்.

பொன்னையா கம்பளியுடன் வெளியே வந்தார், எட்டிப் பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவர், கேளாமலே உள்ளே போனார்.

பேச்சியம்மா இஸ்தோப்பிலே எழுந்து நின்றார். செல்லசாமி மரத்துண்டைக் கூடையின் அடியிலே பொருத்தி, கூடையைத் தூக்கிப் பேச்சியம்மாவின் முதுகிலே வைத்து, கயிற்றைத் தலையிலே மாட்டிவிட்டார். கூடை அலையவில்லை, முதுகோடு ஒட்டி நின்றது. முதுகும் தனக்குப் பழகிய வளைவை உடனே எடுத்துக்கொண்டது.

"சரியா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

பேச்சியம்மா இரண்டடி நடந்தார், நின்றார், தோளை அசைத்துப் பார்த்தார்.

"பாரம் பத்தல," என்றார். "அந்த மத்தத் துண்டையும் போடுங்க."

செல்லசாமி மற்றத் துண்டை எடுத்து மடியிலே வைத்துக்கொண்டு, இழைப்புளிக்காகக் கையை நீட்டினார்.